எரிவாயு ஒப்பந்தங்களும் எங்கள் கல்லாப்பெட்டியும்

கடந்த வாரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, பன்வில பஸாரில் பேக்கரி நடத்தும் நண்பர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் மின்கட்டணப் பட்டியல். "நானா, எல்.என்.ஜி. வந்தா கரண்ட் பில் நல்லாக் குறையும் என்று சொல்றாங்களே, உண்மையா? இல்லாட்டி இதுவும் ஒரு கதையா?" என்று கேட்டார்.

நான் சாதாரண தரம் வரை படித்தவன். பொறியியலாளனும் அல்ல, பொருளியல் நிபுணனும் அல்ல. ஆனால் முப்பது வருடமாகச் சாமான் வாங்கி விற்பவன். கொடுக்கல் வாங்கல் எங்கே நேராகப் போகிறது, எங்கே கோணலாகப் போகிறது என்பது ஓரளவு தெரியும். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை எங்கள் வியாபார சமூகத்துக்கும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் ஹோட்டல்களிலும் பேக்கரிகளிலும் வீடுகளிலும் சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. எல்.என்.ஜி. என்பது வேறு. அது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். அதைச் சுமார் மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிராக்கினால் திரவமாகிறது. கன அளவு ஏறத்தாழ 600 இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்படிச் சுருக்கித்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். வந்து சேரும் நாட்டில் அதை மறுபடியும் வாயுவாக்கக் கடலில் மிதக்கும் முனையம் வேண்டும், கரைக்குக் கொண்டுவரக் குழாய் வேண்டும், எரிக்க மின் நிலையம் வேண்டும்.

அரசியல் உள்ளே வருவதும் இந்த இடத்தில்தான். இவ்வளவு பணத்தைப் போடும் கொம்பனி, இன்றைக்கு விற்று நாளைக்குப் போகும் வியாபாரம் செய்ய விரும்பாது. பத்து வருடம், பதினைந்து வருடம், இருபது வருடம் என்று நீண்டகால ஒப்பந்தம் கேட்கும். அப்படிக் கையெழுத்துப் போடக்கூடிய வாடிக்கையாளர் ஒருவர்தான் இருக்கிறார். அவர்தான் அரசாங்கம். மற்ற வியாபாரிகள் வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேரின் மனதைப் பிடிக்க வேண்டும். எரிவாயு வியாபாரிக்கு நாலைந்து பேரின் மனதைப் பிடித்தால் போதும். அமைச்சர், செயலாளர், ஆலோசகர் என்று அந்த நாலைந்து பேரிடம் போய்வருவதே அந்தத் தொழிலின் பாதி வேலை.

இதை விளக்க என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் குளிர்பானக் கொம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்தார். "முதலாளி, பிரிட்ஜ் இலவசம். ஒரு சதம் தரத் தேவையில்லை" என்றார். எனக்கும் சந்தோஷம். படிவத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மாதம் இத்தனை பெட்டி எடுக்கவேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கட்டவேண்டும், வேறு கொம்பனிப் போத்தலை அந்தப் பிரிட்ஜில் வைக்கக்கூடாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பன்விலயில் ஒக்டோபர் பிறந்தால் மழையும் குளிரும். இஞ்சித் தேநீர் குடிக்கிற ஊரில் யார் குளிர்பானம் கேட்பார்? பெட்டிகள் பின்னறையில் அடுக்கிக் கிடந்தன. மாதக் கடைசியில் பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

எரிவாயு உலகத்தில் இதற்கு 'டேக் ஓர் பே' என்று பெயர். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம். வித்தியாசம் என்னவென்றால், என் பிரிட்ஜுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், நானே கட்டினேன். எரிவாயுவுக்கு வேறு யாரோ கையெழுத்துப் போடுவார், கட்டுவது நீங்களும் நானும்.

எங்கள் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2021 செப்டெம்பர் 17 ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரெஸ் எனர்ஜி நிறுவனத்துடன் அன்றைய அரசாங்கம் ஓர் ஒப்பந்தம் செய்தது. கெரவலப்பிட்டியவிலுள்ள யுகதனவி மின் நிலையம் வெஸ்ட் கோஸ்ட் பவர் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதில் அரசுத் தரப்பிடமிருந்த 40 வீதப் பங்குகள் அமெரிக்க நிறுவனத்துக்கு. விலை 250 மில்லியன் டொலர். அத்துடன் கொழும்புக்கு அப்பால் கடலில் எரிவாயு முனையம் அமைக்கும் உரிமையும், எரிவாயு விநியோகிக்கும் உரிமையும்.

நாடு டொலர் இல்லாமல் தவித்த நேரம் அது. 250 மில்லியன் டொலர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? உலை எண்ணெயை விட எரிவாயு மலிவு, செலவு மிச்சமாகும் என்றும் அரசாங்கம் சொன்னது. அந்த வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். மிதக்கும் முனையத்துக்கு ஏற்கனவே சர்வதேச ரீதியில் விலைமனு கோரப்பட்டிருந்தது. அந்த நடைமுறை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, கேட்காமலே வந்த யோசனை ஒன்றுக்கு மறுபக்கத்தில் கையெழுத்து விழுந்தது. நள்ளிரவு ஒப்பந்தம் என்று எதிர்க்கட்சிகள் பெயர் வைத்தன. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டும் நிபந்தனை உள்ளே இருக்கிறது என்று எதிர்த்தவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். ஒப்பந்தத்தை மக்கள் முன் வையுங்கள் என்று கேட்டார்கள்.

மின்சார சபைத் தொழிற்சங்கங்கள் வீதிக்கு வந்தன. பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, எல்லே குணவங்ச தேரர், எதிர்க்கட்சியினர் என்று பலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அமைச்சரவையிலேயே இருந்த விமல் வீரவன்ச, உதய கம்மன்பில, வாசுதேவ நாணயக்கார ஆகிய மூவரும் எதிர்த்தார்கள். அமைச்சரவையில் இது முறையாகக் கலந்துரையாடப்படவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். இதில் கம்மன்பில அன்றைய எரிசக்தி அமைச்சர்! எரிசக்தி அமைச்சருக்கே திருப்தி இல்லாத எரிசக்தி ஒப்பந்தம் ஒன்றை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

2022 பெப்ரவரி 23 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆகவே சட்டம் பற்றி நான் பேச வரவில்லை. மார்ச் 3 ஆம் திகதி வீரவன்சவும் கம்மன்பிலவும் பதவி நீக்கப்பட்டார்கள். அரசாங்கத்துடன் அவர்களுக்கு வேறு முரண்பாடுகளும் இருந்தன. ஆனாலும் இந்த ஒப்பந்தம் அந்தப் பிளவில் ஒரு பெரிய பங்கு வகித்தது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. சில மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. 2021 இல் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் கிடைத்தால்! பேக்கரி நண்பர் விறகு அடுப்புக்கு மாறினார். இரண்டு வேலையாட்களை ஊருக்கு அனுப்பினார். ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதத்தால் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2023 இல் வரும் என்ற எல்.என்.ஜி. மட்டும் வரவில்லை. 2024 ஓகஸ்டில் கெரவலப்பிட்டியவில் சோபாதனவி என்ற 350 மெகாவாட் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. எரிவாயுவுக்காகக் கட்டியது. எரிவாயு இல்லாததால் டீசலில் ஓடத் தொடங்கியது. தேங்காய் வாங்க முன் திருவலை வாங்கிய கதைதான்.

இது முதல் தடவையா என்றால், இல்லை. 1995 இல் கொழும்பு கேஸ் கொம்பனியின் 51 வீதப் பங்குகள் ஷெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, ஐந்து வருட ஏகபோக உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஐந்து வருடத்துக்கு வேறு யாரும் போட்டிக்கு வரமுடியாது. கடைத்தெருவில் இப்படி ஒரு வரம் எந்த வியாபாரிக்காவது கிடைக்குமா? எதிர்க்கடைக்காரர் ஐந்து வருடம் கதவைத் திறக்கக்கூடாது என்று பிரதேச சபை உத்தரவு போட்டால் நானும்தான் பணக்காரன்! கடைசியில் 2010 இல் அரசாங்கம் ஷெல்லின் எரிவாயு வியாபாரத்தை 63 மில்லியன் டொலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதுதான் இன்றைய லிட்ரோ.

வெளிநாட்டுக்கும் ஒரு கண் போடுவோம். பாகிஸ்தான் 2016 இல் கட்டாருடன் 15 வருட எல்.என்.ஜி. ஒப்பந்தம் செய்தது. வேறு நிறுவனங்களுடனும் நீண்டகால ஒப்பந்தங்கள் செய்தது. 2021 கடைசியிலும் 2022 இலும் உலகச் சந்தையில் விலை உச்சத்துக்கு ஏறியது. உக்ரைன் யுத்தத்துக்குப் பின் ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயாராக இருந்தது. அப்போது பாகிஸ்தானுக்கு ஒப்பந்தப்படி வரவேண்டிய கப்பல்கள் பல வந்து சேரவில்லை. கட்டார் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது, மற்றவர்களிடம் ஏமாற்றம். கராச்சியும் லாகூரும் இருளில் கிடந்தன.

பிறகு கதை தலைகீழானது. மின்கட்டணம் தாங்காத பாகிஸ்தான் மக்கள் சீனாவின் சூரியத் தகடுகளை வாங்கிக் கூரையில் மாட்டத் தொடங்கினார்கள். 2024 இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் தகடுகள் இறக்குமதியாயின. எங்கள் நாட்டின் மின் நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதி வராது. எரிவாயு மின்சாரத்துக்குத் தேவை குறைந்தது. ஆனால் ஒப்பந்தம் குறையவில்லை. வாங்கிய எரிவாயுவை என்ன செய்வது என்று தெரியாமல், 2025 இல் வரவேண்டிய கப்பல்களை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள் என்று கட்டாரிடம் கேட்க வேண்டி வந்தது. தேவைப்பட்டபோது சாமான் வரவில்லை, தேவைப்படாதபோது வந்து நிற்கிறது. என் பின்னறைக் குளிர்பானப் பெட்டிகள்தான் ஞாபகம் வருகின்றன.

இந்தத் தொழிலின் கை எவ்வளவு நீளம் என்பதற்கும் சாட்சி உண்டு. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் சில நிபந்தனைகளுடன் இயற்கை எரிவாயுவைப் பசுமை முதலீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2023 இல் துபாயில் நடந்த கொப் 28 காலநிலை மாநாட்டுக்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் துறைகளின் நலனுக்காகப் பேசுவோர் 2,400 பேருக்கு மேல் அனுமதி பெற்றிருந்ததாகச் சூழல் அமைப்புகளின் கூட்டணி ஒன்று கணக்குக் காட்டியது. மாநாட்டின் இறுதித் தீர்மானத்தில் இடைமாற்று எரிபொருள்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற வசனம் இடம்பிடித்தது. அது எரிவாயுவுக்குத் திறந்துவிட்ட கதவு என்று சிறிய தீவு நாடுகள் சில முறையிட்டன.

நியாயமாகவும் பேசவேண்டும். எரிக்கும்போது நிலக்கரியை விட எரிவாயு சுத்தமானது. வெளிவரும் கரியமில வாயு ஏறத்தாழ பாதி, சாம்பல் தொல்லையும் இல்லை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவை விட 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும். அதேபோல எங்கள் நாட்டு மின்சாரக் கொள்கையைச் சுற்றி நிற்பது எரிவாயுக்காரர் மட்டும் அல்ல. நிலக்கரிக்காரர், டீசல்காரர் என்று எல்லோரும் நிற்கிறார்கள். 2017 இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையங்கள் இல்லாத திட்டமொன்றை அங்கீகரித்தபோது மின்சார சபைப் பொறியியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போது ஒரு பக்கம் நிலக்கரி மாஃபியா என்றது, மறுபக்கம் எல்.என்.ஜி. மாஃபியா என்றது. கணக்கு என்னவென்று வியாபாரியிடம் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

எங்களுக்கு இதில் உள்ள பங்கு பெரியது. பன்விலயிலிருந்து விக்டோரியா நீர்த்தேக்கம் தூரமில்லை. 1985 இல் திறந்த 210 மெகாவாட் நிலையம். அதற்காகப் பழைய தெல்தெனிய பஸார் தண்ணீருக்குக் கீழே போனது. என் மாமாவின் துணிக்கடையும் அதில் ஒன்று. அந்தத் தண்ணீருக்கு டொலர் கட்டத் தேவையில்லை. கூரையில் விழும் வெயிலுக்கும் அப்படியே. மடவளையில் என் மருமகன் வங்கிக் கடன் எடுத்துக் கடைக் கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறார். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி நாடு முழுவதும் உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்சாரம் மிஞ்சியது, கட்டமைப்பு தாங்காது என்பது காரணம். சரி, அதை ஏற்றுக்கொள்வோம். ஆனால் நாளைக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்று ஒரு எரிவாயு ஒப்பந்தமும் இருந்தால், மிஞ்சுகிற நாளில் எதை நிறுத்துவார்கள்? பணம் கட்டியாகிவிட்ட எரிவாயுவையா, மருமகனின் தகட்டையா? பதில் உங்களுக்கே தெரியும்.

நீண்டகால ஒப்பந்தத்தின் உண்மையான ஆபத்து இதுதான். விலை கூடுவது மட்டும் அல்ல, மலிவான வழி வந்தபிறகும் அதில் போகவிடாமல் தடுத்துவிடும்.

இது பழைய கதை அல்ல. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க புது டில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், இந்தியாவிலிருந்து எல்.என்.ஜி. வழங்கும் யோசனையைத் தொடர்ந்து பரிசீலிப்பதாகச் சொல்லப்பட்டது. மன்னார்க் கடலில் 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த எரிவாயுவும் நிலத்துக்கடியில் அப்படியே இருக்கிறது. ஆகவே இன்று இல்லாவிட்டாலும் நாளை யாராவது ஒருவர் பேனையை எடுப்பார். அதற்கு முன் நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து.

ஒன்று, பகிரங்க விலைமனு கோரப்பட்டதா, அல்லது தானாக வந்த யோசனையா?

இரண்டு, எடுக்காத எரிவாயுவுக்கும் பணம் கட்ட வேண்டுமா? கட்டுவதென்றால் வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம்?

மூன்று, விற்பவர் கப்பலை அனுப்பாவிட்டால் அவர் கட்டும் நஷ்டஈடு எவ்வளவு? எங்கள் பக்கம் மட்டும் கட்டிப்போட்ட கயிறா?

நான்கு, ரூபா விழுந்தால் அந்தப் பாரம் யார் தலையில்?

ஐந்து, கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றமும் மக்களும் பார்க்க முடியுமா?

இவற்றைக் கேட்பதற்கு நாங்கள் படித்தவர்களாக இருக்கத் தேவையில்லை. ஒரு லொறி அரிசி வாங்கும்போது இதே கேள்விகளைத்தானே கேட்கிறோம்? கேட்க வழிகளும் இருக்கின்றன. மின்கட்டணத்தைத் திருத்த முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பெரிய கொம்பனிகளுக்குக் கொழும்பில் பேச ஆள் இருக்கிறது. எங்கள் வர்த்தக சங்கங்களோ வாகனத் தரிப்பிடத்துக்கும் பெருநாள் கால வீதி வியாபாரத்துக்கும் மட்டும்தான் கூடுகின்றன. அடுத்த கட்டணத் திருத்தம் வரும்போதாவது வத்தேகம, பன்வில, மடவளை, தெல்தெனிய சங்கங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் என்ன? சிங்கள, தமிழ் முதலாளிமாரும் சேர்ந்துதான் எழுதவேண்டும். மின்கட்டணப் பட்டியல் இனம் பார்த்து வருவதில்லை.

பேக்கரி நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, கேஸ் வந்தா பில் குறையலாம், கூடவும் செய்யலாம். அது கேஸில் இல்லை, தாளில் இருக்கு. அந்தத் தாளை வாசிக்காம நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன், அந்தப் பிரிட்ஜ் இன்னும் பின்னறையில கிடக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து, "நானா, அந்தக் கடிதத்தை எப்ப எழுதுவம்?" என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ், எழுதுவோம்.